பழைய பேனா: நிப்பைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

நிப் வளைந்துவிட்டதா? மாற்ற அவசரப்பட வேண்டாம். பழைய 14 காரட் நிப்பில் சுமார் 58.5 சதவீதம் தங்கம். மை அதை அரிக்காது. கைதேர்ந்தவர் நிமிர்த்திவிடுவார். நுனியிலுள்ள கடின உலோக மணி உதிர்ந்திருந்தாலும் புதிதாகப் பற்றவைக்கலாம், செலவுதான் கூடும்.

புது ஸ்டீல் நிப் மலிவு. சிக்கல் பொருத்தத்தில்தான். அகலமும் வளைவும் பழைய ஃபீடோடு (நிப்புக்கு அடியிலிருந்து மை தரும் பகுதி) ஒட்டாவிட்டால் மை தடைபடும், இல்லையேல் கொட்டும். எபோனைட் எனும் கடின ரப்பரால் ஆன ஃபீடைத் தனியே கழற்றி, வெந்நீரில் இளக்கி, நிப்போடு அணைத்துவிடலாம். பேனா உடலை மட்டும் வெந்நீரில் விடாதீர்கள், செல்லுலாயிடு எனும் பழைய பிளாஸ்டிக் உருக்குலையும்! எஸ்டர்புரூக் நிறுவனத்தின் ஜே வகைப் பேனாவில் நிப் திருகிக் கழலும். அங்கே மாற்றுவதே சுலபம்.

மற்றபடி, விரிசல் விழாத தங்க நிப்பைக் காப்பாற்றவே சொல்வேன். மாற்றியே தீர வேண்டுமானால் அதே மாடலின் பழைய நிப்பைத் தேடுங்கள்.