ஆட்கணக்குச் செயலி: நாள் கூலிக்குச் சரி, டன் கணக்குக்கு ஆகாது

தாராபுரம் பக்கம் நடக்கும் ஒரு 230 கிலோவோல்ட் மின்பாதை வேலையில் துணை ஒப்பந்தக்காரரிடம் சைட் கணக்கு பார்க்கிறேன். அஸ்திவாரம் போடுவது உள்ளூர் ஆட்கள். டவர் ஏற்றுவது மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்து வந்த குழு. கம்பி இழுப்பவர்கள் ஜார்கண்ட்காரர்கள். முதல் வேலைக்குக் கான்கிரீட் கன மீட்டர் கணக்கு, இரண்டாவதற்கு டன், மூன்றாவதற்குக் கிலோமீட்டர். உதவியாட்களுக்கு மட்டும் நாள் கூலி. இத்தனையையும் ஒரே கைபேசிக்குள் அடக்கிவிடலாம் என்று சொல்லித்தான் இந்த வருகை, சம்பளச் செயலியை எங்களிடம் விற்றார்கள். பில் தகராறு இன்னும் தீராததால் பெயரை விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் பிசகுவதே இல்லை. மாதம் 18,000 ரூபாய் வாங்குபவருக்கு 15,000 உச்சவரம்பில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பி.எஃப்.; முழுத் தொகையில் 0.75 சதவீதம், 135 ரூபாய் இ.எஸ்.ஐ. பழைய பி.எஃப். எண் உள்ளவருக்குப் புது எண் போடவும் விடாது. எனக்கு மிகவும் பிடித்தது வங்காளியில் வரும் சம்பளச் சீட்டு. முன்பெல்லாம் மொத்தப் பணமும் மேஸ்திரி கைக்குத்தான் போகும். யாருக்கு எவ்வளவு என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். இப்போது ஒவ்வொருவர் கணக்கிலும் பணம் ஏறுகிறது, எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று அவரே படித்துக்கொள்கிறார். மேஸ்திரிக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. இருக்காதுதானே.

கோளாறு வருகைப் பதிவிலேயே தொடங்குகிறது. ஒரு கட்டடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதற்குள் நின்றால்தான் வருகை என்கிறது செயலி. மின்பாதை வேலைக்குச் சுற்றுச்சுவரா இருக்கிறது? இன்று ஒரு டவர், நாளை நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. ஒவ்வொரு டவர் இடத்தையும் தனித் தளமாக நானே உட்கார்ந்து ஏற்றினேன். அதிலும் ஒரு வேடிக்கை: மின்பாதை திரும்பும் இடத்தில் நிற்கும் திருப்பக் கோபுரம் 14-க்கு அடுத்த மூன்றாவது டவரை 14/3 என்று எழுதுவோம். மாத அறிக்கையை எக்செல் கோப்பாக இறக்கினால் அது மார்ச் 14 என்று வந்து நிற்கிறது. 14/13 மட்டும் தப்பிக்கிறது, பதின்மூன்றாவது மாதம் இல்லாத புண்ணியத்தில்.

டன் கணக்குதான் பெரிய தலைவலி. மாதக் கடைசியில் டவர் இடுப்பளவில் நிற்கும். அடிக்கால்கள் ஏறியிருக்கும், கம்பி தாங்கும் மேல்கைகள் தரையில் கிடக்கும். வரைபடத்திலுள்ள எடைப் பட்டியலைப் பார்த்து, ஏறிய பாகங்களின் எடைக்கு மட்டும் நாங்கள் பணம் போடுவோம். போல்ட் இறுக்கி, நட்டு கழலாதபடி பஞ்ச் அடித்து முடிக்கும்வரை ஒரு பங்கை நிறுத்தி வைப்போம். செயலிக்குத் தெரிந்தது 'முடிந்தது', 'முடியவில்லை' இரண்டே. போதாததற்கு டவருக்கு ஒரே விலை கேட்கிறது. திருப்பத்தில் நின்று கம்பியின் இழுவையைத் தாங்கும் டென்ஷன் டவர் நேர்ப்பாதை டவரைவிட எவ்வளவு கனம் என்று அதைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அடுத்தது, வேலை நிற்கும் நாட்கள். இழப்பீடு வரவில்லை என்று தென்னந்தோப்புக்காரர் மறித்துவிட்டால் குழு முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும். அந்த நாளைக்குப் பேசி வைத்த படித்தொகை உண்டு, முழுக் கூலி கிடையாது. செயலியில் ஒன்று வந்தவர், இல்லையென்றால் வராதவர். 'வந்தார்' என்றால் முழுக் கூலி ஏறுகிறது. 'வரவில்லை' என்றால் பி.எஃப். கணக்கில் நாள் குறைகிறது. உதவி எண்ணில் கேட்டேன். குறிப்புப் பகுதியில் எழுதி வையுங்கள் சார் என்றார் அந்தப் பெண். எழுதினேன். குறிப்பு சம்பளத்தைக் கணக்கிடுமா?

முன்பணமும் அப்படியே. ஊரிலிருந்து கிளம்பும்போது மேஸ்திரிக்குக் கொடுத்ததை அவர் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார். அதற்கு மேல் வாராவாரம் கொராக்கி என்று சாப்பாட்டுப் பணம். செயலி ஒரு ஆளுக்கு ஒரு முன்பணத்தைத்தான் ஏற்கும். ஆகவே நீள நோட்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.

கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம். ஈத் பண்டிகைக்கு ஊர் போன மால்டாக்காரர்களில் பாதிப் பேர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள்; அவர்கள் தலைக்கும் பில் வந்தது. தகராறு அதில்தான்.

அடுத்த ஆண்டுக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பகுதியை மட்டும் புதுப்பிக்கலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அதில் இரண்டு வங்காளிச் சீட்டுக்கு.