பொதுத் தொலைக்காட்சிக்கு யார் காசு கொடுப்பது: மானியமா, உரிமமா, வீட்டுக் கட்டணமா?

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு மாதிரி நாடாளுமன்றம் நடத்தினோம். பொதுச்சேவை ஒலிபரப்புக்கு நிதி எங்கிருந்து வர வேண்டும் என்பதுதான் பொருள். மூன்று கட்சி, மூன்று மசோதா: அரசு பட்ஜெட்டிலிருந்து மானியம், பெட்டி வைத்திருப்போர் கட்டும் உரிமக் கட்டணம், வீட்டுக்கு ஒரு கட்டணம். நான் வீட்டுக் கட்டணக் கட்சியில் சேர்ந்தேன். ஆகவே இதை நடுநிலை அலசல் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாக்கெடுப்பில் தோற்றதும் நாங்கள்தான். காரணம் கடைசியில்.

விளம்பரத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அந்தக் காசே போதுமென்றால் தனியார் சேனல்கள் இருக்கின்றனவே, பொது ஒலிபரப்பு எதற்கு? பேசுவோர் குறைந்த மொழிக்கு ஒரு செய்தியறிக்கை, ஒரு துறையின் கோப்புகளை ஆறு மாதம் துருவி எடுக்கும் நடப்பு விவகார நிகழ்ச்சி இதற்கெல்லாம் விளம்பரதாரர் வரிசையில் வந்து நிற்க மாட்டார்.

மானியம் பார்வைக்கு எளிது. வசூலிக்க ஆள் வேண்டாம், பொதுமக்கள் தனியாக எதுவும் கட்ட வேண்டாம். ஆஸ்திரேலியா 1974இல் உரிமக் கட்டணத்தை ஒழித்துவிட்டு இந்த வழிக்கு வந்தது. நம்முடையதும் பெரும்பாலும் இதே கதைதான். தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதிக்கான சட்டம் 1990இல் நிறைவேறி, ஏழு ஆண்டு அலமாரியில் தூங்கி, 1997 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. பெயர் தன்னாட்சி. பணம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை வழியாக வருகிறது. அந்தக் கோரிக்கை மக்களவையில் வரிக்கு வரி அலசப்படும் என்று நம்புபவர்கள் ‘கில்லட்டின்’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. நேரம் தீர்ந்ததும், எஞ்சிய அமைச்சகங்களின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறிவிடும்.

உரிமம் நமக்கும் புதிதல்ல. தாத்தாவின் வானொலி உரிமப் புத்தகம் எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. பாஸ்புக் மாதிரி இருக்கும், உள்ளே வருடா வருடம் ஒட்டிய கட்டணத் தலை, அதன்மேல் தபால் நிலைய முத்திரை. ஒரு பக்கத்தில் முத்திரை பாதி வெளியே விழுந்திருக்கிறது. அதற்காக அவர் மறுபடி தபால் நிலையத்துக்கு நடந்தார் என்று அம்மா சொல்வார். அந்த முறை 1980களில் ஒழிந்தது. பிரிட்டனில் இன்றும் உண்டு. 1922இல் பத்து ஷில்லிங்கில் தொடங்கியது, 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டுக்கு வந்தது. கட்டாமல் பார்த்தால் குற்றவியல் வழக்கு, 1,000 பவுண்டு வரை அபராதம்.

எல்லாரும் வசூல் செலவு, ஏய்ப்பு, கைப்பேசியில் பார்ப்பவனை எப்படிப் பிடிப்பது என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவை இரண்டாம்பட்சம். நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒரு நிகழ்ச்சி ஆளுங்கட்சியைச் சுட்டுவிட்டது, பணத்தை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார். அவர் எத்தனை கதவைத் தட்ட வேண்டும், எத்தனை நாள் ஆகும்?

மானியத்தில் ஒரு கதவு போதும். அமெரிக்காவைப் பாருங்கள். 1969இல் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தி வந்த ஃபிரெட் ராஜர்ஸ், பொது ஒலிபரப்பு நிதிக்காகச் செனட் துணைக்குழு முன்னால் சில நிமிடம் பேசினார். அதுவரை கறாராக இருந்த தலைவர் பாஸ்டோர் உருகிப்போய், இரண்டு கோடி டாலரைச் சம்பாதித்துவிட்டீர்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். மனதைத் தொடும் காட்சிதான். ஆனால் ஒருவர் மனம் இளகியதால் வந்த பணம், இன்னொருவர் மனம் இறுகினால் போகாதா? அதற்குத்தான் அங்கே நிதியை இரண்டு ஆண்டு முன்கூட்டியே ஒதுக்கி அரண் கட்டினார்கள். 2025 ஜூலையில் அந்த அரணையும் தாண்டி, ஒதுக்கி முடித்த 110 கோடி டாலரை நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. செனட்டில் 51க்கு 48. அடுத்த மாதமே, நிலையங்களுக்கு நிதியைப் பகிர்ந்து வந்த கழகம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது.

உரிமத்தில் கதவு கொஞ்சம் கனம், சாவி மட்டும் அரசிடம். பிரிட்டனில் 2010இல் கட்டணத்தை உறைய வைத்தார்கள், அதுவரை வெளியுறவுத் துறை சுமந்த உலகச் சேவையின் செலவையும் பிபிசி தலையில் இறக்கினார்கள். 2015இல் 75 வயது தாண்டியோரின் இலவச உரிமச் செலவும் சேர்ந்தது. 2022இல் மறுபடி இரண்டு ஆண்டு உறைவு, 159 பவுண்டில். முடிவு அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே மூடிய அறையில் ஆகிவிடும். அவைக்கு அறிவிப்புதான் வரும். பிபிசியின் தமிழோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அறை அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஜெர்மனியில் கதவுகள் பல. 2013 முதல் கருவி இருக்கிறதா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை, வீட்டுக்கு ஒரு கட்டணம், அவ்வளவுதான். தொகையை அரசு தன் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. ஒலிபரப்பு நிறுவனங்கள் தங்கள் தேவையைச் சொல்லும். மாநிலத்துக்கு ஒருவராக 16 பேர் கொண்ட தனி நிபுணர் ஆணையம் கணக்கைப் பார்த்துப் பரிந்துரைக்கும். பிறகு 16 மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். கட்டணத்தைக் காட்டி நிகழ்ச்சியின் போக்கை மாற்றக் கூடாது என்று 1994லேயே அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதற்குச் சோதனை 2020 டிசம்பரில் வந்தது. மாதம் 17.50 யூரோ 18.36 ஆக வேண்டும், 86 சென்ட் உயர்வு. சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் கூட்டணிக்குள் தகராறு, முதல்வர் மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு மாநிலம் நின்றால் எல்லாம் நிற்கும். 2021இல் நீதிமன்றம் தலையிட்டுத் தானே அந்த உயர்வை அமலாக்கியது. நிறுத்த நினைத்தவருக்குக் கடைசியில் ஒரு நீதிபதி குறுக்கே நின்றார் பாருங்கள், நான் கட்சி சேர்ந்தது அதற்காகத்தான்.

ஓட்டை இல்லாமல் இல்லை. 2025க்கு ஆணையம் 18.94 யூரோ என்றது, மாநிலங்கள் ஏற்கவில்லை, நிறுவனங்கள் மறுபடி நீதிமன்றப் படியேறின. ஒவ்வொரு உயர்வுக்கும் வழக்கு என்றால் அதுவும் ஒரு நோய்தான். நான் அங்கே வசித்தவன் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டும்போது அங்குள்ளவர்களுக்குப் பற்றிக்கொண்டு வருமா என்பதை இங்கிருந்து அளக்க முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்தவர் கையிலிருந்து கணக்கை எடுத்து நிபுணரிடம் கொடுப்பது ஜனநாயகமா என்ற எதிர்க்கட்சியின் கேள்வியையும் தள்ளிவிட முடியவில்லை. பரிந்துரைதான் நிபுணருடையது, ஒப்புதல் சட்டமன்றத்துடையது என்று சமாளித்தேன்.

எங்களைக் கவிழ்த்தது வேறு கேள்வி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, “தம்பி, ஒற்றை அறையில் இருக்கும் கூலித் தொழிலாளிக்கும் மூன்று மாடி வீட்டுக்காரருக்கும் ஒரே தொகையா?” என்றார். மிகவும் வறியவர்களுக்கு விலக்கு உண்டு என்றேன். “விலக்குக்கு மேலே ஒரு ரூபாய் சம்பாதிப்பவனுக்கு?” என்றார். அவை சிரித்தது. பதினொன்றுக்கு ஏழில் தோற்றோம்.

பின்லாந்து 2013 முதல் இதையே வருமானத்துக்கேற்ற தனி வரியாக வாங்குகிறது, குறைந்த வருமானக்காரருக்கு எதுவும் இல்லை, மேலே உச்சவரம்பும் உண்டு. இது எனக்கு ஞாபகம் வந்தபோது நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.