நகராட்சி முடிவை எதிர்க்க நெதர்லாந்தில் எந்த வழி?

பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்ப நகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது. உங்கள் சமையலறைக்கு வருகிற வெளிச்சம் போகப்போகிறது. நெதர்லாந்தில் இருப்பவர் என்ன செய்யலாம்? ஃபோன் போட்டுப் பேசலாம். ‘பெஸ்வார்’ எனப்படும் ஆட்சேப மனு போடலாம். புகார் கொடுக்கலாம். கோர்ட்டுக்கும் போகலாம், அதில் இரண்டு வகை: நிர்வாக நீதிமன்றம், சிவில் கோர்ட். பெரும்பாலானவர்களுக்கு ஆட்சேப மனுதான் சரி என்பது என் கருத்து. ஆனால் அதன் பலவீனம் தெரிந்து போட வேண்டும்.

முதலில் ஃபோன். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மனு வந்ததும் தாங்களே கூப்பிட்டுப் பேசிப் பார்க்கிற நகராட்சிகள் உண்டு. உதவித்தொகைக் கணக்கில் ஒரு தொகை இரண்டு முறை ஏறியது, ஒரு காகிதம் விடுபட்டது போன்ற தவறுகள் பேச்சிலேயே தீர்ந்துவிடும். சிக்கல் கெடுவில் இருக்கிறது. ஆட்சேபிக்க 6 வாரம்தான். அதிகாரி எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ‘காரணங்களைப் பின்னர் தருகிறேன்’ என்று நாலு வரி மனுவை முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம் பேசுங்கள். காரணங்களைச் சேர்க்க அவகாசம் தருவார்கள். பேச்சில் தீர்ந்தால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், செலவில்லை.

பக்கத்து வீட்டு அனுமதியில் இன்னொரு பொறி உண்டு. கெடு தொடங்குவது உங்களுக்கு விஷயம் தெரிந்த நாளில் அல்ல, விண்ணப்பித்தவருக்கு முடிவை அனுப்பியதற்கு மறுநாள். உங்கள் வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கக் கூடாது. இணையத்தில் வெளியாகும் நகராட்சி அரசிதழில்தான் அறிவிப்பு வரும். உங்கள் பகுதி அறிவிப்புகளை மின்னஞ்சலில் அனுப்பும் இலவச அரசுச் சேவை இருக்கிறது. வீடு மாறியவுடன் செய்ய வேண்டிய வேலைகளில் அதில் பதிவதும் ஒன்று.

சரி, ஆட்சேப மனு. 1994 முதல் நடைமுறையில் உள்ள பொது நிர்வாகச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, பொதுவாக உங்களை நேரில் அழைத்துக் கேட்பார்கள். இதன் உண்மையான பலம் வேறு: முடிவு சட்டப்படி சரியா என்பதோடு நிற்காமல், அது நியாயமானதா, வேறு மாதிரி எடுத்திருக்கலாமா என்று எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்க நகராட்சி கடமைப்பட்டது. நீதிபதி அப்படிப் பார்க்கமாட்டார். பலவீனமும் அதே இடத்தில்தான். முடிவெடுத்த நகராட்சியே அதை மறுபரிசீலனை செய்கிறது. வெளியாள் தலைமையில் ஆலோசனைக் குழு இருந்தாலும் அது ஆலோசனை மட்டுமே சொல்லும். ஆட்சேபக் கெடு முடிந்தபின் 6 வாரத்தில், குழு இருந்தால் 12 வாரத்தில் பதில் வர வேண்டும். இன்னும் 6 வாரம் நீட்டிக்கலாம். அதையும் தாண்டினால் எழுத்தில் எச்சரித்து, இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் ஏறும். அதிகபட்சம் 1,442 யூரோ, அது உங்களுக்கு வரும்.

புகார் என்பது வேறு பாதை. அதிகாரி மரியாதையில்லாமல் பேசினார், கடிதங்களுக்குப் பதிலே போடவில்லை என்பதெல்லாம் ஆட்சேபிக்கக்கூடிய ‘முடிவு’ அல்ல, நடத்தை. நகராட்சியிடம் புகார் கொடுத்து, திருப்தியில்லையென்றால் ஒம்புட்ஸ்மன் எனப்படும் மக்கள் குறைகேட்பு அதிகாரியிடம் போகலாம். இலவசம்தான், ஆனால் அவர் சொல்வது நகராட்சியைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. மாடி அனுமதியைப் புகார் கொடுத்து ரத்து செய்யவே முடியாது. கோபத்தில் புகார் எழுதிக்கொண்டிருந்து ஆறு வாரத்தைத் தவறவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஆட்சேபம் போட்டதும் கட்டுமானம் நின்றுவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மனு நிலுவையில் இருக்கும்போதே அவர் கட்டலாம், பிறகு அனுமதி போனால் அது அவர் பொறுப்பு. உடனே நிறுத்த வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். வக்கீல்கள் பேச்சில் ‘ஃபோஃபோ’. அவசரம் இருப்பதைக் காட்ட வேண்டும், ஆட்சேப மனு நிலுவையில் இருக்க வேண்டும். 2025 நிலவரப்படி தனிநபருக்குக் கட்டணம் 194 யூரோ. சமூக உதவித்தொகை போன்ற வழக்குகளில் 53. மரம் வெட்டும் அனுமதி, வீட்டை இடிக்கும் அனுமதி என்றால் இதற்கு மாற்றே இல்லை. மாடி கட்டுவதற்கோ, அவர் எவ்வளவு வேகமாகக் கட்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

ஆட்சேபத்தில் தோற்றால் மாவட்ட நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவில் மேல்முறையீடு. அதற்கும் 6 வாரம், அதே கட்டணம் தனியாக. அதற்கு மேல் ஹேக் நகரிலுள்ள அரசாங்க மன்றத்தின் நிர்வாக நீதிப் பிரிவு. உதவித்தொகை வழக்குகள் உட்ரெக்டில் உள்ள மத்திய மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போகும். இங்கே கேள்வி சுருங்கிவிடுகிறது: நகராட்சி சட்டத்தை மீறியதா? ஜெயித்தும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். முடிவை ரத்து செய்துவிட்டு அதன் விளைவுகள் அப்படியே இருக்கட்டும் என்று நீதிபதி சொல்லலாம்; அல்லது குறையைச் சரிசெய்ய நகராட்சிக்கே வாய்ப்புக் கொடுக்கலாம். தீர்ப்பில் உங்கள் பக்கம் நியாயம், எதிரில் மாடி. ஆனாலும் கோர்ட் முன்பு மாதிரி இல்லை. பெற்றோர் பலரை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை தவறாக நடத்திய குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தில் மக்களைக் காக்கத் தவறியதை அந்த நீதிப் பிரிவே 2021 நவம்பரில் அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டது. 2022 பிப்ரவரி 2 அன்று, ஹார்டர்வைக் நகர மேயர் ஒரு வீட்டைப் பூட்டிய வழக்கில், முடிவின் கடுமை அதன் நோக்கத்துக்குப் பொருத்தமானதா என்று இன்னும் ஆழமாகப் பார்ப்போம் என்றது. உதவித்தொகையை வெட்டியது, வீட்டைப் பூட்டியது போன்ற வழக்குகளில் இதனால் கோர்ட் வழி முன்பைவிட மதிப்புள்ளது. மாடி விவகாரத்தில் நான் அவ்வளவு நம்பிக்கை வைக்கமாட்டேன்.

கடைசியாக சிவில் கோர்ட். நகராட்சிமீது போடுவதானால் பெரும்பாலும் வீண்: ஆட்சேபிக்காமல் விட்ட முடிவைச் சட்டப்படி சரியானது என்றே சிவில் நீதிபதி எடுத்துக்கொள்வார். ஆனால் அண்டை வீட்டுக்காரர்மீதே வழக்குப் போடுவது வேறு. வெளிச்சத்தையோ காற்றையோ தடுத்துச் சட்டவிரோதமாகத் தொல்லை தரக் கூடாது என்று சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. அனுமதிச் சீட்டைக் காட்டி மட்டும் அவர் தப்ப முடியாது. விலை அதிகம். 25,000 யூரோவுக்கு மேற்பட்ட கோரிக்கைக்கு வக்கீல் கட்டாயம், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவிலும் பங்கு உங்கள் தலையில். நிர்வாக நீதிமன்றத்தில் தோற்ற குடிமகனிடம் நகராட்சியின் செலவை அநேகமாகக் கேட்பதே இல்லை.