எண்ணெய் வழியும் முகத்துக்கு எது: கிளினிக் பீலா, மாத்திரையா, இரவு ஜெல்லா?

எண்ணெய்ச் சருமத்துக்கு ஆயிரம் வைத்தியம் சொல்வார்கள். சலித்துப் பார்த்தால் மூன்றுதான் மிஞ்சும். தோல் டாக்டரிடம் போய் சாலிசிலிக் பீல் (அமிலம் தடவித் தோலின் மேல்படலத்தை லேசாக உரிப்பது) செய்துகொள்வது, ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுவது, இரவில் தடவும் அடாபலீன் ஜெல்லும், வைட்டமின் பி3 வகையான நியாசினமைடும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே கவனித்துக்கொள்வது. நான் முதலில் பீல் செய்துகொண்டேன். இப்போது ஜெல்லில் இருக்கிறேன், மாறும் எண்ணம் இல்லை. மாத்திரை சாப்பிட்டது என் தம்பி. அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்ததும் அவனுடைய டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முடிக்காலை ஒட்டி செபேஷியஸ் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர உடம்பெங்கும் உண்டு. முகத்திலும் உச்சந்தலையிலும் மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ட்ரைகிளிசரைடு, மெழுகு, ஸ்குவாலின் எல்லாம் கலந்த சீபம் என்ற கொழுப்பை இவை சுரக்கின்றன. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று சொல்வது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் திடீரென்று முகம் பளபளப்பதும், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வருவதும் இதனால்தான். வெயில் காலத்தில் சீபம் இளகி வேகமாக வெளியே வரும், கூடவே வியர்வையும் சேரும். சென்னையில் மே மாதம் காலை எட்டு மணிக்கே நெற்றி மின்னுவதற்கு யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

முகம் கழுவுவதால் மேலே வந்து நிற்கும் எண்ணெய் போகும். சுரப்பிக்கு அது தெரியவே தெரியாது. முல்தானி மட்டி, கடலை மாவு, எண்ணெய் ஒற்றும் பேப்பர் எல்லாம் இதே கணக்கு. சில மணி நேரம் முகம் பளபளப்பு இல்லாமல் இருக்கும், அவ்வளவுதான். காலையிலும் இரவிலும் மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். சாதாரண குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது, முகத்தை இறுக்கிவிடும். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு வருகிறவர்கள் வேறு எதையும் வாங்குவதற்கு முன், தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்குகிறதா என்று பாருங்கள்.

சரி, பீல். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். அதனால் துவாரத்துக்குள் இறங்கி, அங்கே அடைத்திருக்கும் செத்த செல்களையும் கொழுப்பையும் இளக்கும். கடையில் வாங்கும் ஃபேஸ்வாஷில் இது 2 சதவீதம் வரை இருக்கும். கிளினிக்கில் 20 முதல் 30 சதவீதம் வரை போடுவார்கள். தடவிய சில நிமிடங்களில் சுரீரென்று எரியும், முகத்தில் வெள்ளைப் பொடி படியும். பிறகு கழுவிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து லேசாக உரியும். நம் மாதிரி மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மற்ற பீல்களைவிட இது பாதுகாப்பானது என்று டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கும் கறுக்கவில்லை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும்.

பலனில் குறை சொல்ல மாட்டேன். முதல் சிட்டிங் முடிந்த வாரமே மூக்கின் கரும்புள்ளிகள் கரைந்து, முகம் தெளிவாக இருந்தது. அப்படியொரு உடனடித் தெளிவு ஜெல்லில் கிடைக்கவே கிடைக்காது.

மாத்திரை வேறு ரகம். எண்ணெயை நிஜமாகவே குறைக்க வேண்டும் என்றால் ஐசோட்ரெட்டினாயினுக்கு நிகர் எதுவும் இல்லை. அது சுரப்பியையே சுருங்க வைக்கிறது. முழு அளவில் சாப்பிடும்போது சுரப்பு 90 சதவீதம் வரை குறையும். அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்றதும் கடுமையான பருவுக்குத்தான். தம்பிக்குத் தாடையிலும் முதுகிலும் உருண்டை உருண்டையாக, தொட்டால் துடிக்கும் அளவுக்குக் கட்டிகள் வந்து தழும்பு விழ ஆரம்பித்திருந்தது. அந்த நிலைக்கு இந்த மாத்திரைதான் சரி. தழும்பு விழுகிற பருவை ஜெல்லோடு வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

ஆனால் வெறும் பளபளப்புக்காக இதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. உதடு வெடிக்கும், கண் உலரும், மூக்கில் ரத்தம் கசியலாம். கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், கருவில் இருக்கும் குழந்தைக்கு இது கடுமையான ஊனத்தை உண்டாக்கும். பெண்கள் சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. அந்த மாதம் முடியும்வரை ரத்த தானமும் செய்யக் கூடாது, ஆண்களுக்கும் சேர்த்துத்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் தெரிந்தவர் சொன்னார் என்று மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.

இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கேள்வியை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்: நிறுத்தினால் என்ன ஆகும்? விலையைவிட, எவ்வளவு சீக்கிரம் தெரியும் என்பதைவிட, எனக்கு இதுதான் முடிவு செய்தது.

பீல் தொடுவது தோலின் மேல்படலத்தை. அந்தப் படலம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தானே புதுப்பித்துக்கொள்ளும். கீழே சுரப்பி அப்படியே இருக்கிறது, ஹார்மோனும் அப்படியே இருக்கிறது. அதனால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று நான்கு முதல் ஆறு சிட்டிங் போகச் சொல்வார்கள். அது முடிந்த பிறகும் அவ்வப்போது ஒன்று போட்டுக்கொண்டே இருந்தால்தான் தெளிவு நிற்கும். எனக்கு ஒவ்வொரு சிட்டிங்கும் சில ஆயிரம் ஆனது. பணத்தோடு முடியவில்லை. உரிகிற வாரத்தில் வெயில் படக் கூடாது. டூவீலரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நடக்கிற காரியமா? உரிந்த தோலில் வெயில் அடித்தால் வரும் கறுப்பு, பருவைவிட அதிக நாள் நிற்கும். வேலை மும்முரத்தில் இரண்டு மாதம் கிளினிக் பக்கம் போகாமல் இருந்தபோது கரும்புள்ளியெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் முழுச் செலவு.

மாத்திரையை நிறுத்தினாலும் சுரப்பி மெல்ல மெல்ல விழித்துக்கொள்ளும். பரு நீண்ட காலத்துக்கு அடங்கலாம், பலருக்குத் திரும்பி வராமலே போகலாம். எண்ணெய் மட்டும் கணிசமாகத் திரும்பும். தம்பிக்கும் அப்படித்தான். முகம் மறுபடி மின்னுகிறது, கட்டிகள் வரவில்லை, அவனுக்கு அது போதும். பளபளப்பை மட்டும் குறைக்கக் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அப்படி வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள் யாரையும் எனக்கு நெருக்கமாகத் தெரியாது, அதனால் அது சரியா தவறா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஜெல்லும் நிறுத்தினால் பலன் போய்விடும். அதை மறைக்க முடியாது. வித்தியாசம் என்னவென்றால், தொடர்வது சுலபம், விட்டால் மறுபடி ஆரம்பிப்பதும் சுலபம். பதினைந்து கிராம் டியூப் ஒன்று சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, எனக்கு அது இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது. முகம் நன்றாக அடங்கிய பிறகு தினமும் தடவ வேண்டியதில்லை, வாரத்தில் மூன்று இரவு போதுமாக இருக்கிறது. ஊருக்குப் போய் ஒரு வாரம் விட்டுப்போனாலும் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. வாசலில் கோலம் போடுவதுபோல அன்றாட வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடாபலீன் எண்ணெய்ச் சுரப்பைப் பெரிதாகக் குறைக்காது. துவாரத்தின் உள்சுவரில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாக மாறாமல் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் வரும், ஆனால் அடைபடாமல் வெளியே போய்விடும். கரும்புள்ளியும் பருவும் குறைவது இதனால்தான். எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது பளபளப்பு இல்லை, அடைப்புதான். உங்களுக்குப் பளபளப்பு மட்டுமே பிரச்சினை என்றால் என் தேர்வு உங்களுக்கு அவ்வளவு பொருந்தாமல் போகலாம்.

பளபளப்புக்காகக் காலையில் நியாசினமைடு. 2 சதவீதத்திலேயே சுரப்பு கொஞ்சம் குறைவதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கடைகளில் 10 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள். அளவு கூடினால் பலனும் அப்படியே கூடும் என்று இல்லை, சிலருக்கு முகம் சிவந்து எரிவதுதான் மிச்சம். நான் 5 சதவீதத்தில் நிற்கிறேன். மதியம் வரை தாங்குகிறது, சாயங்காலம் கொஞ்சம் மின்னும். அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஜெல் தடவுவதில்தான் பலர் பொறுமை இழந்து விட்டுவிடுகிறார்கள். முதல் சில வாரங்கள் உலரும், உரியும், உள்ளே இருந்த பருவெல்லாம் சேர்ந்து மேலே வரும். தெளிவு தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரம்பியுங்கள். முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் பரப்ப வேண்டும். பரு இருக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்துப் பயன் இல்லை. எரிச்சல் இருந்தால் முதலில் மாய்ச்சரைசர், அப்புறம் ஜெல். எண்ணெய் முகத்துக்கு எதற்கு மாய்ச்சரைசர் என்று கேட்பார்கள். எண்ணெய் வேறு, நீர்ச்சத்து வேறு, எண்ணெய் வழிகிற தோலும் உலர்ந்து உரியும். காலையில் ஜெல் வகை சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அதற்குத் திட்டமிடுபவர்களுக்கும் அடாபலீன் வேண்டாம்.

ஜெல் கேட்டுப் போகிறவர்களிடம் சில கடைகளில் வேறொரு கிரீமை நீட்டுவார்கள். நான்கே நாளில் முகம் பளிச்சென்று ஆகும், பரு அமுங்கும். அது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த கிரீம். நிறுத்தியதும் முகம் சிவந்து கொப்பளிக்கும், தோல் மெலியும், ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பிக்கும். டியூபின் பின்னால் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த மூன்றுக்கு வெளியே இன்னும் இரண்டு உண்டு. முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸை நெற்றித் தோலில் மிக மேலாகச் சிறு சிறு ஊசிகளாகப் போட்டால் எண்ணெய் சில மாதங்களுக்குக் குறையும் என்கிறார்கள். 1726 நானோமீட்டர் லேசர் சீபத்தையே குறிவைத்துச் சூடாக்கி சுரப்பியை அடக்குகிறது. அமெரிக்காவில் 2022-இல் பருவுக்கு அனுமதி கிடைத்தது, பொதுவாக மூன்று சிட்டிங். இரண்டிலும் எனக்கு அனுபவம் இல்லை. லேசரின் பலன் வருடக்கணக்கில் நிற்கும் என்று உறுதியானால் என் கணக்கு மாறலாம். இன்றைக்கு அந்தப் பணத்தைப் போட மாட்டேன்.

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, தாடையில் முடி முளைக்கிறது, கூடவே எண்ணெயும் பருவும் என்றால் பீல், மாத்திரை, ஜெல் எல்லாவற்றுக்கும் முன்னால் மகப்பேறு டாக்டரைப் பார்த்து பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணம், நிச்சயம் என்று ஒரு தேதிக்குள் முகம் தெளிய வேண்டியிருந்தால் பீலுக்கே போங்கள், ஜெல்லால் அந்த வேகத்துக்கு வர முடியாது. கடைசி சிட்டிங் விசேஷத்துக்கு இரண்டு வாரமாவது முன்னால் முடிந்திருக்கட்டும். ஜெல் பழக்கம் இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பீலுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்.