பதினோராவது அடியில் பறந்த தலை: கோல்ஃப் மட்டை 'கிட்' வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பந்து சுமார் நூறு கெஜம் போனது. அதன் பின்னாலேயே மட்டையின் தலையும் போனது, ஒரு முப்பது கெஜம். என் கையில் வெறும் தண்டு. பயிற்சித் திடலில் அடுத்த தடுப்பில் ஆடிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நெஞ்சில் கை வைத்தபடி என்னையே பார்த்தார். தலை நேராகப் போனதால் தப்பித்தேன். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்க முடியாது.

கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக வாங்கி, நானே வீட்டில் உட்கார்ந்து சேர்த்த முதல் மட்டை அது. 7 அயர்ன், அதாவது தட்டையான உலோகத் தலை வைத்த ஏழாம் எண் மட்டை. எண்ணி பதினோராவது அடி.

என் கைவேலையில்தான் கோளாறு என்று முதலில் நம்பினேன். கொஞ்சம் கோளாறு அதிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மூன்று பங்கு கிட் விற்றவருடையது. இதே மாதிரி கிட் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள்.

விளம்பரத்தில் போட்டிருந்தது இவ்வளவுதான். புத்தம் புதிய ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு), நுனி .370 அங்குலம் பேரலல், 7 அயர்னுக்கு ஏற்ப வெட்டியே தரப்படும், நுனி ஒட்டுவதற்குத் தயார், தேய்க்க வேண்டாம். கூடவே தலை, ஃபெரூல், கைப்பிடி உறையான கிரிப், அதை ஒட்ட டேப், இரண்டு திரவத்தைக் கலந்து ஒட்டும் பசையான 'கோல்ஃப் எபாக்சி'. அரை மணி நேரத்தில் மட்டை ரெடி. அந்த அரை மணி நேரம் என்ற வார்த்தையிலேயே நான் விழித்திருக்க வேண்டும். தலையைத் தண்டோடு ஒட்டுகிற நல்ல எபாக்சி முழு பலத்துக்கு வர பொதுவாக ஒரு நாள் ஆகும்.

முதல் சந்தேகம் ஃபெரூலில் வந்தது. தண்டும் தலையும் சேருகிற இடத்தில் இருக்குமே, கறுப்பு பிளாஸ்டிக் வளையம், அதுதான். அழகுக்கானது என்றாலும் அது இறுக்கமாகத்தான் ஏற வேண்டும். லேசாகத் தட்டித் தட்டி இறக்குவார்கள். எனக்கு வந்தது குழந்தை கையில் மாட்டிய பெரியவர் வளையல் மாதிரி ஓடியது. ஹோசலுக்குள், அதாவது தலையில் தண்டு நுழைகிற குழாய்க்குள், தண்டை விட்டால் கடகடவென்று ஆடியது. விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில்: "சார், அந்த கேப் இருந்தாதான் பசை உள்ளே போகும். நல்லா ரொப்பிடுங்க." பசைக்கு இடம் வேண்டும் என்பது உண்மைதான். ஆகையால் நம்பிவிட்டேன்.

இங்கே அளவு பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அயர்ன் தண்டுகளில் அதிகம் புழங்குவது இரண்டு வகை. நுனிப் பகுதி முழுக்க ஒரே தடிமனாக .370 அங்குலம், அதாவது சுமார் 9.4 மில்லிமீட்டர் இருந்தால் பேரலல். நுனியில் .355, சுமார் 9 மில்லிமீட்டரில் தொடங்கி மேலே போகப் போகத் தடித்தால் டேப்பர். பேரலல் நீளமாக வரும். எந்த எண் மட்டைக்கு வேண்டுமோ அதற்குத் தக்கபடி நுனியில் வெட்டிக்கொள்ளலாம். டேப்பர் ஒவ்வொரு எண்ணுக்கும் தனி நீளத்தில் தயாராகியே வருவது, நுனியை வெட்டவே கூடாது. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது, தடிமன் அளக்கிற காலிப்பருக்குத் தெரியும். எனக்கு வந்தது டேப்பர் தண்டு. தலையின் துளையோ .370.

சின்னதுக்குப் பெரிய துளை என்றால் நடுவே ஷிம் என்கிற மெல்லிய உலோகச் சுற்று போட்டு ஒட்டுவது உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லி, ஷிம்மையும் கொடுத்து விற்க வேண்டும். வெறும் பசையை ரொப்பச் சொல்வது வேறு.

அடுத்தது அந்தப் பசை. லேபிள் இல்லாத இரண்டு குட்டிக் குப்பி, மேலே பேனாவால் 'அ', 'ஆ'. கம்பெனிப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ஒரு காகிதக் கோப்பையில் இரண்டையும் சமமாக ஊற்றி ஐஸ்கிரீம் குச்சியால் கலக்கினேன். ஹோசலுக்குள் தடவினேன், தண்டின் நுனியில் தடவினேன், தலையை ஏற்றினேன், முகப்பு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் திருத்தினேன். திரும்பிப் பார்த்தால் கோப்பையில் குச்சி தானாக நின்றுகொண்டிருந்தது. தொட்டால் கோப்பை சுட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இவ்வளவு சீக்கிரம் பிடித்துவிட்டதே, நல்ல பசைதான் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்! உடைந்த கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற ஐந்து நிமிட எபாக்சியைப் பிரித்து ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மட்டையில் ஒவ்வொரு அடிக்கும் விழுகிற அதிர்ச்சியைத் தாங்க அது செய்யப்பட்டதில்லை.

கிரிப் வேலையில் விற்றவர்மேல் குறை இல்லை. அடிப்பக்கத் துளையை விரலால் அடைக்க மறந்து, கிரிப்பை வழுக்கி ஏறச் செய்கிற மினரல் ஸ்பிரிட்டை ஊற்றியது நான்தான். அத்தனையும் என் மடியில். இரண்டாம் முறை துளையை அடைத்து ஊற்றி, குலுக்கி, டேப் மேலும் கொட்டி, ஒரே தள்ளாகத் தள்ள, சர்ரென்று ஏறி உட்கார்ந்தது. இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த நொடி அதுதான்.

தலை பறந்த அன்று, மட்டைகளுக்குத் தண்டு மாற்றித் தருகிற பெரியவர் ஒருவர் திடலில் இருந்தார். ஓடிப்போய் தலையைப் பொறுக்கி வந்தவர் முதலில் பார்த்தது தண்டின் நுனியை. கண்ணாடி மாதிரி பளபளத்தது. பசை முழுக்கத் தலைக்குள்ளேயே குழாய் மாதிரி நின்றுவிட்டது. தண்டில் ஒரு பொட்டுகூட இல்லை.

"தம்பி, குரோமைத் தேய்க்கலையா?"

"தேய்க்க வேண்டாம்னு போட்டிருந்தாங்க அண்ணே."

"யார் போட்டா? பளபளப்பு போகத் தேய்ச்சாதானே பசை பிடிக்கும்?"

இதுதான் நான் செய்த தப்பு. ஒட்டுகிற அளவுக்கு நுனியை உப்புத்தாளால் மங்கலாகும்வரை தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, அப்புறம்தான் பசை. அடிப்படைப் பாடம். விற்றவர் சொன்னதைக் கேட்டு அதையும் விட்டுவிட்டேன்.

பெரியவர் தண்டின் நுனித் துளையை வெளிச்சத்துக்குக் காட்டினார். உள்ளே ஆழத்தில் கருகிய பழைய பசை, பட்டாணி அளவு. சூடு காட்டி வேறொரு தலையிலிருந்து உருவின அடையாளம் என்றார். பிறகு என் புது கிரிப்பை அறுத்து எடுத்து, டேப்பையும் உரித்தோம். என் டேப்புக்குக் கீழே, புதிதாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தில், இன்னொரு பழைய டேப்பின் பழுப்புக் கறை சுருள் சுருளாகத் தெரிந்தது. புத்தம் புதிய ஷாஃப்ட்! யாருடைய பழைய செட்டிலிருந்தோ கழற்றி, வெளியே மெருகேற்றி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். 'வெட்டியே தரப்படும்' என்பதன் சூட்சுமம் அப்போதுதான் புரிந்தது. முழு நீளப் புதுத் தண்டு கொடுக்க முடியாதவர் வேறு எப்படி எழுதுவார்?

பழைய தண்டு விற்பது குற்றம் இல்லை. ஸ்டீல் தண்டை நன்றாகக் கழற்றியிருந்தால் தாராளமாக மறுபடி போடலாம். பழையது என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான்.

போட்டோக்களோடு எழுதினேன். முதல் பதில், ஒட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம். இரண்டாவது, "உங்களுக்கு ஒட்டத் தெரியலை சார்." மூன்றாவதாக நான் கருகின பசையின் போட்டோவை அனுப்பியதும் இரண்டு நாள் மௌனம். அந்த இரண்டு நாளில் விளம்பரத்தில் '.370 பேரலல்' என்று இருந்த இடம் '.355 / .370' என்று மாறியிருந்தது. 'புத்தம் புதிய' காணாமல் போயிருந்தது. பழைய விளம்பரத்தை நான் படம் பிடித்து வைத்திருக்கவில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்யுங்கள். என்னிடம் அந்த ஒரு படம் இருந்திருந்தால் பணம் திரும்பி வந்திருக்கும்.

பார்சல் வந்ததும் பசையைத் திறப்பதற்கு முன்னால் காலிப்பரை எடுத்து, நுனியில் ஒரு அளவு, ஒரு அங்குலம் மேலே ஒரு அளவு பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பேரலல், மேலே தடித்தால் டேப்பர். தண்டின் இரு முனையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டைப் பசையில்லாமல் தலைக்குள் விட்டு ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் திருப்பி அனுப்புங்கள், ஒட்டிவிட்டால் நம் பேச்சு எடுபடாது. பசையை மட்டும் கிட்டோடு வாங்கவே வாங்காதீர்கள். பெயரும் தேதியும் உள்ள டப்பாவாகத் தனியே வாங்குங்கள்.

நியாயமாகச் சொன்னால், அந்தத் தலையில் ஒரு குறையும் இல்லை. பெரியவர் சூடுகாட்டிப் பழைய பசையைச் சுரண்டி எடுத்துக் கொடுத்தார். வேறிடத்தில் வாங்கிய பேரலல் தண்டை நானே தேய்த்து, நானே ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் சுவரில் சாய்த்து வைத்தேன். இருநூறு அடிக்கு மேல் அடித்தாகிவிட்டது, நிற்கிறது. ஆனாலும் இன்றுவரை ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தலையை ஒருமுறை திருகிப் பார்க்காமல் அடிப்பதில்லை.

விற்றவர் கடைசியில் 'நல்லெண்ணத்துக்காக' ஒன்று அனுப்பியிருந்தார். பிரித்தேன். இரண்டு குட்டிக் குப்பி, 'அ', 'ஆ'.