பழைய கிராமபோன், வால்வு ரேடியோ விற்பவர்கள் கவனத்துக்கு: "செக் பண்ணிப் பார்க்கிறேன்" என்றால் உஷார்

பூர்வீக வீட்டைக் காலி செய்கிறவர்களை மோப்பம் பிடித்து வந்து, பரணில் கிடக்கும் கிராமபோனையும் ரேடியோவையும் அடிமாட்டு விலைக்கு அள்ளிப் போகும் ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது இது.

அங்கே இருந்தவை கறுப்பு எச்எம்வி 102 மாடல் பெட்டி கிராமபோன், பிலிப்ஸ் வால்வு ரேடியோ, டிரங்குப் பெட்டி நிறைய ரெக்கார்டுகள். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கைப்பிடியைச் செருகி நாலு சுற்று சாவி கொடுத்தார். தட்டு அசையவில்லை. "ஸ்பிரிங் போச்சும்மா, மோட்டாரே ஜாம்." இன்னொருவர் ரேடியோவை நேரே பிளக்கில் சொருகினார். அரை நிமிஷத்தில் கருகல் வாடை. "காயலான் கடைக்குத்தான் ஆகும்." கடைசியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பதிலுக்குப் பித்தளைக் குழாய் வைத்த "1910ஆம் வருஷத்து எச்எம்வி" ஒன்றைத் தலையில் கட்டி, வித்தியாசத்துக்கு என்று கையில் பணமும் வாங்கிப் போனார்கள்.

முதலில் அந்த "ஜாம்". பிரேக் போட்டிருந்தால் எந்தக் கிராமபோனும் சுற்றாது. 102 போன்ற தானியங்கி பிரேக் உள்ளவற்றில் டோன் ஆர்மை (ஊசியைத் தாங்கும் கை) வலப்பக்கம் ஒதுக்கினால்தான் பிரேக் விடும். வந்தவர் அதைத் தொடவே இல்லை. ஸ்பிரிங் நிஜமாகவே அறுந்திருந்தால் எத்தனை சுற்று கொடுத்தாலும் கைப்பிடி இறுகாமல் தளதளவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். கொடுக்கக் கொடுக்க இறுகுகிறதா, ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. ஓடும்போது உள்ளே "தொம், தொம்" என்று அடித்தால் பழைய கிரீஸ் காய்ந்து ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டி ஒட்டி விடுகின்றன என்று அர்த்தம். சுத்தம் செய்து கிராஃபைட் கிரீஸ் வைத்தால் தீரும். தட்டு தறிகெட்டு வேகமாகச் சுற்றினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மெல்லிய இலை ஸ்பிரிங்குகளில் ஒன்று போயிருக்கும். ரெக்கார்டு ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகி எண்ணுங்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று வர வேண்டும். முழுச் சாவியில் பத்து அங்குல ரெக்கார்டின் ஒரு பக்கம், சுமார் மூன்று நிமிஷம், இழுவை இல்லாமல் ஓட வேண்டும். இதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் "ஜாம்" கதை எடுபடாது. ஸ்பிரிங் டப்பாவை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. சுருள் தெறித்தால் கையைக் கிழித்துவிடும்.

கிராமபோனில் விலை உட்கார்ந்திருக்கும் இடம் சவுண்ட் பாக்ஸ், அதாவது ஊசியைப் பிடித்துக்கொண்டு ஒலி எழுப்பும் வட்டப் பாகம். 102இல் பெரும்பாலும் 5ஏ அல்லது 5பி என்று எண் போட்டிருக்கும். அதைக் கழற்றி "வெளிச்சத்தில் பார்க்கிறேன்" என்று வாசலுக்குப் போவார்கள். திரும்பி வருவது வேறு பாக்ஸாக இருக்கலாம். விற்கும் பேச்சு எடுப்பதற்கு முன்பே எண் தெரிகிற மாதிரி, அலுமினியத் தகட்டின் நெளிவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள். பாட்டு கரகரத்தால் பயப்பட வேண்டாம். தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். மாற்றுவது சின்ன வேலை. பின்பக்க உலோகம் உப்பி விரிசல் விட்டிருந்தால்தான் விலை குறைவது நியாயம். துத்தநாகக் கலவை காலப்போக்கில் அப்படித்தான் நொறுங்கும், அதற்கு வைத்தியம் கிடையாது. இன்னொன்று: ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. பழைய ஊசியிலேயே போட்டுக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள், ரெக்கார்டைத் தின்றுவிடும்.

இனி ரேடியோ. பல வருஷம் தூங்கிய வால்வு செட்டை நேரே மெயினில் சொருகுவது அதைக் கொல்வதற்குச் சமம். தொழில் தெரிந்த எந்த மெக்கானிக்கும் செய்ய மாட்டார். செய்தால் விலையை இறக்கத்தான் செய்கிறார். காரணம், உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்கள். பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் கெட்டு ஷார்ட் ஆகியிருந்தால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு சூடேறியதும் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். மெழுகுக் காகிதக் கண்டன்சர்கள் கசிந்தால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து வேகும். அந்த வால்வுக்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டன்சர் பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட்; 630 வோல்ட் தாங்கும் புதியது சில்லறைக் காசு. அது போனதற்காக முழு செட்டும் குப்பை என்பது அப்பட்டமான பொய்.

சோதித்தே தீர வேண்டுமென்றால் சீரிஸ் போர்டில், அதாவது 60 வாட் குண்டு பல்பு வழியாகக் கரண்ட் போகிற மாதிரிப் போடச் சொல்லுங்கள் (எல்இடி உதவாது). பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே ஷார்ட். பிலிப்ஸ் மாடல் எண்ணின் கடைசி எழுத்தையும் பாருங்கள். 'ஏ' என்றால் ஏசி செட். 'யூ' என்றால் ஏசி-டிசி, மெயினைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, சேசிஸிலேயே (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) கரண்ட் பாயலாம்; குமிழ் கழன்ற தண்டைத் தொடாதீர்கள். இந்த 'யூ' செட்டில் வால்வு ஹீட்டர்கள் (உள்ளே சூடேறும் இழைகள்) எல்லாம் சீரிஸில், ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் ஒன்று போனாலும் அத்தனையும் இருட்டாகிவிடும். "அஞ்சு வால்வும் அவுட்" என்று அடித்துவிடுவது இதை வைத்துத்தான். ஒன்பது கால் வால்வைக் கவிழ்த்துப் பிடித்து, இடைவெளியிலிருந்து வலப்பக்கமாக எண்ணி 4, 5ஆம் கால்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். தொடர்பு இல்லாத வால்வு மட்டுமே போனது. கண்ணாடி உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால்வெள்ளை ஆகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அதுவும் போனதே.

முல்லார்டு, டெலிஃபங்கன் கம்பெனிகளின் ஈஎல் 84 வால்வு இருந்தால் அதற்கென்றே அலைகிற ஆம்ப்ளிஃபையர் ஆட்கள் உண்டு. பின் அட்டையைக் கழற்றி வால்வு வால்வாகப் பெயரோடு படம் எடுங்கள். ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டதைக் காட்ட பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ நன்றாக எரிந்தால் அதற்குத் தனி மதிப்பு. தபால் ஆபீசில் கட்டணம் கட்டிய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் செட்டோடு சேர்த்து வையுங்கள்.

அந்தப் பித்தளைக் குழாய் எச்எம்விக்கு வருவோம். இவை இந்தியாவிலேயே இன்றும் செய்யப்படுகின்றன. புதிதாகச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். எட்டு மூலைப் பெட்டி, பெரிய பித்தளைத் தகட்டில் நாய்ப் படம், ஆடும் டோன் ஆர்ம், உள்ளே ஏதோ உடைந்த பெட்டி கிராமபோனின் மோட்டார். தட்டைத் தூக்கி ஆணிகளைப் பாருங்கள். ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். அந்தத் திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. உண்மையான 102ஐக் கொடுத்துவிட்டு இதை வாங்கியதுதான் வயிற்றெரிச்சல்.

உருளை போடும் எடிசன் போனோகிராஃப் நம் பக்கம் அபூர்வம். இருந்தால் ரீப்ரொட்யூசரை (உருளையிலிருந்து ஒலி எழுப்பும் ஊசிப் பாகம்) தனியே பத்திரப்படுத்துங்கள்: சி என்பது இரண்டு நிமிஷ உருளைக்கு, எச் நான்கு நிமிஷத்துக்கு. அது இல்லாமல் மிஷினுக்குப் பாதி உயிர்தான்.

பழைய ரேடியோவில் "சிவப்பு பாதரசம்" இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது. 2009இல் சவூதியில் சிங்கர் தையல் மிஷினை வைத்து இதே புரளி ஓடியது. முன்பணம் அனுப்ப க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வதும் திருட்டுதான், பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. வெளிநாட்டு ஆள் பார்சல் கேட்டால் வயதைப் பாருங்கள். நூறு வருஷம் தாண்டியவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம், இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது.

விலைக்கு, இணையத்தில் கேட்கிற தொகையை நம்பாதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இரண்டு மூன்று கடையில் போட்டோ காட்டிக் கேளுங்கள். கடைக்காரர் தன் லாபத்தைக் கழித்துத்தான் சொல்வார், அது நியாயம். ரெக்கார்டுகளைச் "சும்மா" சேர்த்துக் கொடுக்காமல் லேபிள், எண், பாடியவர் எழுதிப் பட்டியல் போடுங்கள். ஐம்பதுகளின் சினிமாப் பாட்டு ஏராளம். பழைய ஓடியன், கொலம்பியா கம்பெனிகளின் நாடக ரெக்கார்டு செட்டுகளும் ஆரம்பகாலக் கர்நாடக இசையும் சில சமயம் கிராமபோனையே விலையில் தாண்டும். பேரம் முடிந்த பிறகு சவுண்ட் பாக்ஸைக் கழற்றித் துணியில் சுற்றுங்கள், டோன் ஆர்மைக் கட்டுங்கள், பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்ற விடுங்கள்.