மாற்று முழங்கால்: நிற்கலாம், நடக்கலாம், மண்டி மட்டும் போட முடியாது

எந்த மாடல், எத்தனை நாள் ஆஸ்பத்திரி, தையல் எப்போது பிரிப்பார்கள் என்பதெல்லாம் எங்கு தேடினாலும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன். இரும்பைக் கடையும் லேத் மெஷினில் நின்றே தலை நரைத்த ஒருவன் வலது முழங்காலை மாற்றிக்கொண்டு மறுபடியும் அதே மெஷின் முன்னால் போய் நின்றால் என்ன ஆகும் என்பதை மட்டும் எழுதுகிறேன். கூட வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் தன் காலுக்கு யோசித்துக்கொண்டிருக்கிறார். போனில் நான் சொன்னது அவருக்குப் போதவில்லையாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசியில் எரிச்சலில் மறந்துபோகும். சாமான் பிரமாதம். மேலே தொடை எலும்பு நுனியில் கோபால்ட் குரோம், கீழே டைட்டானியம் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன். உரசுகிற உலோக முகத்தின் ஃபினிஷ், அதாவது மேடுபள்ளம், 0.1 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். டூலைப் பதமாகத் தீட்டி, ஃபீடைக் குறைத்து, லேத்தில் 1.6 மைக்ரான் வந்தாலே நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுகிற ஜாதி நாம். நடுவில் இருக்கும் அந்த பிளாஸ்டிக்கும் பட்டறை வழியாக வந்ததுதான். இங்கிலாந்து சர்ஜன் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லானைப் போட்டுப் பார்த்தார், அது மளமளவென்று தேய்ந்து போனது. அப்புறம் 1962-ல், நெசவுத் தறியின் பல்சக்கரத்துக்கு என்று விற்க வந்த பாலிஎத்திலீன் துண்டு ஒன்று கைக்கு வந்தது. சார்ன்லி அதைப் பெரிதாக மதிக்கவில்லை. அவருடைய டெக்னீஷியன் ஹாரி கிரேவன்தான் அதைத் தேய்மான மெஷினில் மாட்டி ஓடவிட்டுப் பார்த்தார். இன்று என் காலுக்குள் இருப்பது அதன் வாரிசு. டாக்டருக்கு நன்றி சொன்னேன், மனதுக்குள் கிரேவனுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

போடுவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்றால், நீளமான ஷாஃப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் முட்டி மடங்கியது. விழாமலிருக்கக் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன், கிடைத்தது வெட்டும் டூலை உள்ளே தள்ளும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடி. டூல் உள்ளே பாய்ந்து, ஜாப் வில்லாக வளைந்து, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் சென்டரை விட்டுத் துள்ளியது. எமர்ஜென்சி ஸ்விட்சை இன்னொருவர் தட்டினார். முகத்தில் படவில்லை, அவ்வளவுதான். அந்தப் பயம் இப்போது இல்லை. ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்கிறேன், சாயங்காலம் கால் கொஞ்சம் கனமாக இருக்கும், சரி, அது இந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதான்.

இனி மற்றது. நடக்கும்போது சில சமயம் 'டக்' என்று ஒரு சத்தம். நாற்பது வருடமாக சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொன்ன காதுக்கு இது நரகம். உலோகமும் பிளாஸ்டிக்கும் லேசாகப் பிரிந்து சேர்கிற சத்தம், வலியும் வீக்கமும் இல்லையென்றால் கவலை வேண்டாம், கொஞ்சம் பிளே, அதாவது இடைவெளி, விட்டுத்தான் போடுவார்கள், சுத்தமாக இறுக்கினால் கால் மடங்காது என்றார்கள். மூளைக்குப் புரிகிறது, காதுக்குப் புரியவில்லை.

தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருக்கிறது. கீறும்போது தோலுக்கான சின்ன நரம்பு அறுபடுவதால் பலருக்கும் இப்படி ஆகும், போகப் போகக் குறையலாம். வீட்டில் இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. பட்டறையில் விஷயம். ஒருநாள் வெட்டிய சூட்டில் நீலம் பாய்ந்த இரும்புச் சுருள் ஒன்று பேன்ட்டில் ஒட்டிக்கொண்டது. துணி கருகும் வாடைதான் முதலில் வந்தது, சூடு தெரியவே இல்லை. குனிந்து பார்த்தால் கீழே தோல் கொப்புளித்திருக்கிறது. அதிலிருந்து தடிமனான ஏப்ரன் முழங்காலுக்குக் கீழ் வரை. இன்னொன்றும் மாறிவிட்டது: முன்பெல்லாம் சுருள் கையைக் கிழித்தால் பஞ்சு வேஸ்ட்டில் துடைத்துவிட்டு அடுத்த ஜாப். இப்போது சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து போட்டு, கட்டிய பிறகுதான் மெஷின். உடம்பில் எங்காவது சீழ் பிடித்தால் கிருமி ரத்தத்தோடு போய் அந்த உலோகத்தில் குடியேறலாம், குடியேறினால் சிலருக்கு மொத்தத்தையும் கழற்றி மாற்ற வேண்டி வரும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது தரை.

லேத்தில் கை தவறிய எதுவும் கண்ணெதிரே விழாது. ஆலன் கீ விழுந்தால் டிரேயின் ஓரத்தில் பட்டு, காலடியில் ஒருமுறை துள்ளி, நேராக மெஷினின் உடம்பான பெட்டுக்கு அடியில் கூலன்ட் திரவத்தின் சேறு இருக்கும் மூலைக்குத்தான் போகும். எனக்கு மடக்கம் 115 டிகிரி. (பிசியோதெரபிஸ்ட் பிளாஸ்டிக் கோணமானியை வைத்து "சுமார் 110" என்றார். சுமார் என்றால் என்ன சுமார்? மறுவாரம் பட்டறையில் கோணம் அளக்கும் என் பெவல் புரோட்ராக்டரை எடுத்துப் போனேன், சிரித்துக்கொண்டே அளக்க விட்டார்.) படி ஏற, நாற்காலியில் உட்கார்ந்து எழ அது தாராளம். குத்துக்காலிட்டு உட்காரப் போதாது. மண்டி போட்டால் உடைந்துவிடாது, டாக்டரும் தடை சொல்லவில்லை, ஆனால் தழும்பின் மேல் எடை இறங்கியதும் பாதி மரத்த இடத்தில் ஊசி ஊசியாகக் குத்தி, அடியில் ஏதோ அந்நியப் பொருள் நகர்கிறது போல ஒரு உணர்வு வரும் பாருங்கள், அதை விவரிக்கவே பிடிக்கவில்லை. ஸ்பாஞ்ச் மேட் வாங்கிப் போட்டேன், எண்ணெய் குடித்து வழுக்கியது.

நீட்டி மடக்கும் காந்தக் கம்பி ஒன்று இப்போது சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆலன் கீயை எடுக்கும், டூல் நுனியில் மாட்டும் கார்பைடு இன்சர்ட்டைக்கூட எடுக்கும், அதில் கோபால்ட் இருக்கிறது. பித்தளை, அலுமினியம் என்றால் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பையன்கள் அந்தக் காந்தத்தை என் முட்டியில் வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை என்று அவர்களுக்கு ஏமாற்றம். லெவலிங் போல்ட்டைத் திருக, டிரெயின் பிளக்கைக் கழற்ற, கூலன்ட் பம்ப் ஃபில்டரைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் ஒரு பையனைக் கூப்பிட வேண்டும். அவன் அங்கே படுத்துக்கொண்டு "எந்தப் பக்கம் அண்ணே திருகறது?" என்பான். நாமே பார்த்தால் அரை நிமிட வேலை.

கூப்பிட ஆள் இல்லாதபோது இடது முட்டியை ஊன்றி, வலது காலை முன்னால் வைத்து, பெட்டைப் பிடித்து மெல்ல இறங்குகிறேன். இடது முட்டியும் தேய்ந்ததுதான், கத்தும், ஆனால் தரை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிகிறது.

ஃபிட்டருக்கு என் பதில்: ராத்திரித் தூக்கம் போகிறது, மெஷின் பக்கத்தில் கால் நிற்கவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த கணக்குப்படி மாற்று முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாங்குகின்றன, இதைவிட நல்ல சாமான் நம் கையில் வந்ததில்லை. என் இடது காலையும் செய்துவிடலாம் என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மாட்டேன். இன்று காலைகூட ஒரு பித்தளை புஷ் பெட்டுக்கு அடியில் போய்விட்டது.